வட்டமான பள்ளமெல்லாம் குண்டுக்குழி அல்ல

கேள்வி இதுதான்: "மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அப்பால் ஒரு தரிசு கிடக்கிறது. கூகுள் எர்த்தில் பார்த்தால் அதில் ஏழெட்டு வட்டப் பள்ளங்கள் தெரிகின்றன. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் போட்ட குண்டு என்று தாத்தா சொல்வார். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அது குண்டு விழுந்த இடம்தானா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். உங்கள் ஊர் விஷயத்தில் மட்டும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவை குண்டுக்குழிகள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் மதுரை மீதோ மேலூர் மீதோ எந்த நாட்டு விமானமும் குண்டு போடவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது உண்மை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கியது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலையும் அடி வாங்கின. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று சென்னைக்கு மேல் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, பெரிய சேதமில்லை. எல்லாமே துறைமுக ஊர்கள். அதற்கு முந்தைய போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும் கடலில் நின்று பீரங்கியால் சுட்டுத்தான். உள்நாட்டில், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் மேலூர்த் தரிசில் குண்டைப் போட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அதற்காகத் தாத்தா கதை விடுகிறார் என்று நினைக்க வேண்டாம். மேலூர், திருப்பத்தூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். 1941 டிசம்பர் 11 அன்று பினாங்கில் குண்டு விழுந்தது. டிசம்பர் 23இலும் 25இலும் ரங்கூனில் விழுந்தது. அங்கிருந்து உயிர் தப்பி, பாதி வழி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருப்பார்கள். 1942 ஏப்ரலில் சென்னையே காலியாகி ஜனங்கள் சொந்த ஊர்களுக்கு ரயிலேறினார்கள். அந்தப் பேச்சும் ஊரோரத்தில் கிடந்த பள்ளமும் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஊர் நினைவில் இப்படி நடப்பது சகஜம். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

இனி, நிஜக் குண்டுக்குழியை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

விமானத்திலிருந்து விழும் குண்டு பெரும்பாலும் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் வெடிக்கும். உள்ளே உண்டாகும் வாயு மேலே இருக்கும் மண்ணை எல்லாத் திசைக்கும் தூக்கி எறிகிறது. நடுவில் கிண்ணம் போன்ற பள்ளம், சுற்றிலும் உயர்ந்த விளிம்பு, அதற்கும் வெளியே சிதறி விழுந்த மண்ணின் வளையம் என்று மூன்று பகுதிகள் ஒரே வீச்சில் உருவாகின்றன. அடிமண் பெரும்பாலும் மேல்மண்ணைவிட வெளிர் நிறம். அதனால் புதிதாக விழுந்த குழி கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுவில் இருட்டாகவும் சுற்றிலும் வெளுப்பாகவும், கோலமாவைக் கை தவறிச் சிந்தியது போல ஓரம் கலைந்தும் தெரியும். 500 பவுண்டு குண்டு ஒன்று சாதாரண மண்ணில் ஏறத்தாழ பத்து மீட்டர் அகலக் குழியைத் தோண்டும். களிமண்ணில் குழி பெரிதாகும். அடியில் பாறை இருந்தால் ஆழம் குறையும். பீரங்கிக் குண்டின் குழி இதைவிடச் சின்னது, ஓரிரு மீட்டரிலிருந்து நாலைந்து மீட்டர் வரை. குண்டு மிக ஆழத்துக்குப் போய் வெடித்தால் மேலே குழியே விழாமல், உள்ளே பொந்து மட்டும் உண்டாவதும் உண்டு. அதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

உங்களுக்கு மிகவும் பயன்படும் அடையாளம் அந்த விளிம்புதான். வெடி மண்ணைச் சுற்றிலும் சமமாக எறிகிறது. மனிதன் அப்படிச் செய்ய மாட்டான். மண்வெட்டியோ ஜேசிபியோ, எடுத்த மண்ணை ஒரு பக்கமாகத்தான் கொட்டும், அல்லது லாரியில் ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதிலிருந்து வந்த மண் எங்கே போனது என்பதுதான். நம் பக்கத்தில் இந்த ஒரு கேள்வியே பாதி வழக்கை முடித்துவிடும்.

கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துப் பக்கம் மட்டும் பிறை வடிவில் கரை. மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பிறைகளின் வரிசை. இதை யாரும் குண்டுக்குழி என்று நினைக்க மாட்டார்கள். ஊருணிதான் ஏமாற்றும். சில ஊருணிகள் கிட்டத்தட்ட வட்டம், தோண்டிய மண் நாலு பக்கமும் கரையாகக் கிடக்கும், நடுவில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஊருணிக் கரையில் ஓர் இடத்தில் வரத்துக்கால் வந்து சேரும், இன்னோர் இடத்தில் படித்துறை இருக்கும், ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று நேராக அங்கே போகும். குண்டுக்குழிக்குப் பாதை போட்டு யாரும் போக மாட்டார்கள்.

அடுத்தது தோட்டத்துக் கிணறு. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கடினப் பாறையில் வெடி வைத்துத் தோண்டிய பெரிய வெட்டுக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். வாய் பத்து மீட்டருக்கு மேல்கூட இருக்கும். அளவில் இது 500 பவுண்டு குண்டின் குழியோடு அச்சாகப் பொருந்துகிறது, வெடிமருந்துகூட உண்டு! ஆனால் சுவர் செங்குத்தாக இறங்குவதால் படத்தில் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி கூர்மையாக இருக்கும். குண்டுக்குழியின் ஓரம் சரிவானது, நிழல் மெல்ல மெல்ல மங்கும். அப்புறம், கிணற்றுக்குப் பக்கத்தில் உடைகல் குவியல் ஒன்று ஒரே பக்கமாகக் கிடக்கும். பழைய கமலைக் கிணறாக இருந்தால் மாடு இழுத்த சரிவுப் பாதை ஒரு கோடாக நீளும். பம்புசெட் அறையின் சதுரக் கூரை, அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் இதெல்லாம் கூடுதல் சாட்சி.

மேலூர், கீழவளவுப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளை விட்டுவிடலாம். அவை நேர்கோட்டு ஓரமும் படிப்படியான வெட்டும் கொண்டவை. அரசு மானியத்தில் வெட்டிய பண்ணைக் குட்டைகள் பெரும்பாலும் செவ்வகம். கிராவல் எடுத்த குழிகள்தான் தொல்லை. ஆளில்லாத தரிசில், புறம்போக்கில், கண்மாய் உள்வாயில் கண்டபடி தோண்டிப் போட்டிருப்பார்கள். நாலைந்து மழை பெய்ததும் ஓரம் சரிந்து வட்டமாகிவிடும். சீமைக் கருவேலம் முளைத்ததும் புராதனமாகத் தெரியும். ஆனால் விளிம்பில் மண் இருக்காது. மண்ணுக்காகத்தானே தோண்டினார்கள்! லாரி வந்து போன தடமும் பல வருஷம் அழியாமல் கிடக்கும். உங்கள் படத்தில் இருப்பது இதுதான் என்பது என் ஊகம்.

பள்ளமே இல்லாத வட்டங்களும் உண்டு. செங்கல் காளவாசல் இருந்த இடம் சிவந்து கிடக்கும். கருவேலங்கட்டையைக் கரிமூட்டம் போட்ட இடம் கருவட்டமாகத் தெரியும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போகப் போக இது அதிகம். கதிரடிக்கும் களம் வெளுத்த வட்டம். ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் அடுத்த மழைக்குப் பயிர் கரும்பச்சையாக எழும்பி, படத்தில் ஏதோ புதைந்திருப்பதாகத் தோன்றவைக்கும். பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள்கூட நல்ல தெளிவுள்ள படத்தில் சிறு வளையங்களாகத் தெரியலாம். அப்படி ஒன்று சிக்கினால் குண்டுக்குழியைவிட அது எவ்வளவோ பெரிய கண்டுபிடிப்பு. தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

வட்டங்கள் ஏமாற்றுவதற்குத் திருகோணமலை நல்ல எடுத்துக்காட்டு. சீனன்குடாப் பக்கத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் காட்டுக்குள் நூறு வட்டங்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். 1942இல் அங்கே குண்டு விழுந்தது என்று தெரிந்தவர் அவசரப்பட்டால் குழிகள் என்று எண்ணிவிடுவார். அவை பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள். அந்தத் தாக்குதலில் எரிந்து போனது அவற்றில் ஒன்று. 99 தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. அதாவது அங்கே போரின் தடம் வட்டத்தில் இல்லை. அடுக்கில் ஓரிடத்தில் தொட்டி இல்லாமல் போனதில் இருக்கிறது.

தனி ஒரு பள்ளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், குண்டு தனியாக விழுவது அபூர்வம். விமானம் போகிற போக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகளை விடுகிறது. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் கால் நொடிக்கு ஒன்றாக விட்டால் குழிக்கும் குழிக்கும் இடையே சுமார் 28 மீட்டர் வரும். எனவே படத்தில் கிட்டத்தட்ட நேர்கோட்டில், கிட்டத்தட்ட சம இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே அளவில் குழிகள் இருக்கும். அந்தக் கோடு வரப்பையும் ரோட்டையும் வீட்டையும் மதிக்காமல் குறுக்கே போகும். மனிதன் தோண்டிய பள்ளங்கள் புல எல்லைக்குள், புறம்போக்கு எல்லைக்குள் அடங்கி நிற்கும். தென்னைக்கும் மாவுக்கும் எடுத்த குழிகளும் வரிசைதான், ஆனால் அவை தோப்பின் நாலு மூலைக்குள் கட்டம் கட்டமாக அடங்கிவிடும்.

வியட்நாம் போரில் அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று மூன்றாகப் பறந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமும் மூன்று கிலோமீட்டர் நீளமும் கொண்ட செவ்வகத்தை அப்படியே குழிகளால் நிரப்பின. வியட்நாம், லாவோஸ், கம்போடியா வயல்வெளிகளில் அந்தக் குழிகள் இன்றும் வட்டக் குளங்களாகக் கிடக்கின்றன. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். லாவோஸ் மீது மட்டும் 1964 முதல் 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் அந்தக் காலத்தில் எடுத்த படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கி, குழிகளை எண்ணும் வேலையும் நடந்திருக்கிறது. வியட்நாமின் குவாங் த்ரி மாகாணத்திலும் அந்த மூன்று நாடுகளும் சேரும் எல்லைப் பகுதியிலும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட குழிகள் கிடைத்தன.

இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் ஜெர்மானியர்கள்தான். கௌரவத்துக்காகச் செய்வதில்லை, உயிர்ப் பயம். நேச நாடுகள் போட்ட குண்டுகளில் பத்தில் ஒன்று, சில இடங்களில் அதற்கும் மேல், வெடிக்காமலே மண்ணுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அங்கே பல இடங்களில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் பழைய வான்படங்களைப் பார்த்து இடம் சுத்தம்தானா என்று சொல்ல வேண்டும். குண்டு போட்ட பிறகு சேதத்தைக் கணக்கெடுக்க பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் எடுத்த அதே படங்கள்தான் இதற்கு ஆதாரம் என்பது விசித்திரம். 2017 செப்டம்பரில் பிராங்க்பர்ட் நகரில் 1.4 டன் எடையுள்ள பிரிட்டிஷ் குண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்ய அறுபதாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். பெர்லினுக்கு வடக்கே ஒரானியன்பர்க் என்ற ஊரில் நிலைமை இன்னும் மோசம். பல மணி நேரம் கழித்து வெடிக்கும்படி வேதிப்பொருளால் இயங்கும் உருகி (வெடியைத் தூண்டும் கருவி) வைத்த குண்டுகள் அங்கே நிறைய விழுந்தன. அந்த உருகிகள் மக்கி, தாமாகவே வெடிக்கும் ஆபத்து இன்னும் போகவில்லை.

வெடித்த குழியைக் குழந்தைகூடக் காட்டிவிடும். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் புகுந்த ஓட்டை அரை மீட்டர்கூட இருக்காது. 1:10,000 அளவில் எடுத்த படத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. படச்சுருளில் விழுந்த தூசியும் அதே அளவுதான். அங்கேதான் வரிசை கை கொடுக்கிறது. சம இடைவெளியில் ஐந்து குழிகள், அப்புறம் ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு குழிகள் என்று இருந்தால், விட்டுப்போன இடத்தில் பூதக்கண்ணாடியை வைக்கிறார்கள். சுற்றிலும் வெளுப்பு வளையம் இல்லாத ஒரு கரும்புள்ளி தெரிந்தால், அதே இடத்தின் அடுத்த படத்தைப் பார்க்கிறார்கள். அதிலும் இருந்தால் தூசி அல்ல.

'அடுத்த படம்' என்றேன். வான்படங்களை விமானம் ஒன்றன்மேல் ஒன்று சுமார் 60 சதவீதம் படியும்படி எடுத்துக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற, கண்ணுக்கொரு படமாகக் காட்டும் கருவிக்குக் கீழே வைத்தால் நிலம் மேடு பள்ளத்தோடு எழும்பி நிற்கும். இங்கிலாந்தின் மெட்மனம் மாளிகையில் போர்க்காலத்தில் இதையே முழுநேர வேலையாகச் செய்தார்கள். 1943இன் பிற்பகுதியில் பீனமுண்டே என்ற ஜெர்மன் ஏவுகணைச் சோதனைத் தளத்தின் படத்தில் வி-1 பறக்கும் குண்டைக் கண்டுபிடித்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் அங்கே வேலை பார்த்தவர்தான். எத்தனை மென்பொருள் வந்தாலும், பழைய படத்தில் பள்ளமா மேடா என்று தெரிந்துகொள்ள இரட்டைப் படத்தைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

உங்களிடம் இரட்டைப் படம் இல்லை, கூகுள் எர்த் மட்டுமே இருக்கிறது. அதனால் நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் மதுரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் கண், வெளிச்சம் படத்தின் மேல்பக்கத்திலிருந்து வருவதாகவே நினைத்துக்கொள்ளும். தெளிவான படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்கள் பல காலை பத்தரை மணியளவில் நம்மைக் கடக்கின்றன. சூரியன் அப்போது கிழக்குப் பக்கம். மார்கழி, தை மாதத்துப் படமாக இருந்தால் தென்கிழக்கு, அதாவது படத்தின் வலது கீழ் மூலை. கண்ணின் நினைப்புக்கு நேர் எதிர். அதனால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். மதுரை வட அட்சம் பத்து டிகிரியை ஒட்டி இருப்பதால் சூரியன் ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு மேல் வந்து வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. ஆனி, ஆடி மாதத்துப் படத்தில் வெளிச்சம் வலது மேல் மூலையிலிருந்து வரும். மேடு பள்ளம் சரியாகவே தெரியும். ஒரே பள்ளம் ஜூனில் குழியாகவும் ஜனவரியில் குன்றாகவும் தெரிந்து ஆட்களைக் குழப்புவது இதனால்தான்.

தீர்வு சுலபம். பக்கத்தில் ஒரு பனைமரத்தைத் தேடுங்கள். அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சூரியன். பள்ளமாக இருந்தால் சூரியன் இருக்கும் பக்கத்து உள்சுவர் இருட்டாகவும் எதிர்ச்சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். மேடாக இருந்தால் தலைகீழ். இன்னும் குழம்பினால், நிழல் உங்களை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண் சமாதானமாகிவிடும். ஒரே ஒரு குறை, நம் ஊரில் காலை பத்தரைக்கே சூரியன் நன்றாக உயர்ந்துவிடும், நிழல் குட்டை. ஒரு மீட்டர் உயர விளிம்புக்கு மார்கழியில்கூட ஒரு மீட்டருக்கும் குறைவான நிழல்தான் விழும். ஆழமில்லாத குழிகளைப் பிடிப்பது இங்கே கஷ்டம்.

குழி எத்தனை காலம் நிற்கும் என்பதும் மண்ணைப் பொறுத்தது. பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் 1916இல் விழுந்த குழிகளைக் காடு மூடிக் காப்பாற்றிவிட்டது. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளக்கும் லைடார் முறையில் மரங்களைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி இன்றும் முழுசாகத் தெரிகின்றன. உழுகிற நிலத்தில் அப்படி நிற்காது. முதலில் விளிம்பு கரையும், பிறகு குழி தூர்ந்துபோகும். ஆனாலும் நிறம் போக வெகுகாலம் ஆகும். தூர்ந்த இடத்தில் மண் இளகி ஆழமாக இருப்பதால் ஈரம் தங்கும், கோடையில் சுற்றியுள்ள பயிர் வாடும்போது அங்கே மட்டும் பச்சை நிற்கும். சிதறிய அடிமண் கிடக்கும் வளையத்தில் பயிர் சோகையாக இருக்கும். பச்சை வட்டம், சுற்றிலும் வெளிறிய வளையம் என்ற இந்த ஜோடியைத்தான் தேட வேண்டும். திருமங்கலத்துக் கரிசலில் இது சீக்கிரம் அழியும் என்று நினைக்கிறேன். அந்த மண் மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்துத் தன்னையே புரட்டிக்கொள்ளும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்.

தமிழர்களுக்கு இந்த விஷயம் வெளிநாட்டுக் கதை அல்ல. 2009இல் வன்னியில் பத்திரிகையாளர்கள் நுழைய முடியாத நிலையில், என்ன நடக்கிறது என்பதற்குக் கிடைத்த சான்றுகளில் ஒன்று செயற்கைக்கோள் படங்கள். ஐ.நா.வின் யூனோசாட் அமைப்பும் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கமும் முள்ளிவாய்க்கால் பகுதியின் படங்களைத் தேதிவாரியாக ஒப்பிட்டன. புதிய குழிகள், கூரை போன கட்டடங்கள், நேற்று இருந்து இன்று இல்லாமல் போன கூடாரங்கள், நீளும் புதைகுழி வரிசைகள் என்று அவற்றில் பதிவானவை பின்னர் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கையிலும் இடம்பெற்றன. அங்கே பிரச்சினை வேறு. கடற்கரை மணலில் விழுந்த எறிகணைக் குழி காற்றிலும் மழையிலும் சீக்கிரம் கலையும். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இல்லாவிட்டால் சான்று கரைந்துபோயிருக்கும். குழிக்கும் மக்கள் பதுங்க வெட்டிய பங்கருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பங்கர் நீள்வாக்கிலோ மூலை மடங்கியோ இருக்கும். சாய்வாக வரும் எறிகணையின் சிதறல் ஒரு பக்கமாக விரிவதால் அது வந்த திசையைக்கூடச் சில குழிகளில் ஊகிக்க முடியும். இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் ஈழ அகதி முகாம்களில் இருக்கக்கூடும். கூச்சமில்லாமல் போய்க் கேட்கிற விஷயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மதுரையைச் சுற்றிப் போரின் தடமே இல்லையா என்றால், இருக்கிறது, வேறு உருவத்தில். ஜப்பானியர் வருவார்கள் என்று பயந்து பிரிட்டிஷார் தெற்கே பல இடங்களில் விமான ஓடுதளம் போட்டார்கள். இப்போதைய மதுரை விமான நிலையம் அப்படி ராயல் விமானப் படை பயன்படுத்திய இடம். செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் இருப்பவை கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. கானாடுகாத்தான் பக்கம் கூகுள் எர்த்தை நகர்த்திப் பாருங்கள். புதர் மண்டிய சமவெளியில், எந்த ஊருக்கும் போகாத பட்டையான நேர்கோடு. போர்த்தடம் தேட ஆசையிருந்தால் இங்கிருந்து தொடங்குவது நல்லது. அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. யூசுப் கானை (மருதநாயகம்) 1764இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட கோட்டையை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க வைத்தார், அகழியும் தூர்ந்தது. ஆனால் மேலிருந்து பார்த்தால் வெளி வீதிகள் நாலும் அந்தக் கோட்டையின் உருவத்தை இன்னும் வரைந்து காட்டுகின்றன.

சரி, உங்கள் பள்ளங்களுக்கு வருகிறேன். முதலில் கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைப் பின்னோக்கி நகர்த்துங்கள். ஏதாவது ஒரு வருஷத்துக்கு முன்னால் பள்ளம் இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. எல்லாப் படத்திலும் இருந்தால், 1960 முதல் 1972 வரை அமெரிக்கா எடுத்த கொரோனா உளவுப் படங்களைப் பாருங்கள். 1995இல் ரகசியம் நீக்கி வெளியிட்டார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் தேடலாம். சிறந்த படங்களில் இரண்டு மீட்டர்ப் பொருள்வரை தெரியும். பத்து மீட்டர்ப் பள்ளம் ஐந்தாறு புள்ளிகளாக விழும், அது போதும். ஜேசிபி காலத்துக்கு முந்தைய மேலூர் அதில் அப்படியே உறைந்திருக்கிறது. கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும், எச்சரிக்கை.

அதே சமயம் வருவாய்த் துறைப் பதிவையும் எடுங்கள். அந்த இடத்தின் புல எண்ணுக்கு அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது, ஊருணியா, மேய்ச்சல் புறம்போக்கா, கல்லாங்குத்தா என்று பாருங்கள். புல வரைபடத்தில் பள்ளத்தின் எல்லை தனி உட்பிரிவாக அளக்கப்பட்டிருந்தால் அது யாரோ வேண்டுமென்று வெட்டிய நீர்நிலை. பிறகு நேரில் போய் விளிம்பைச் சுற்றி நடந்து பாருங்கள், மண் நாலு பக்கமும் உயர்ந்திருக்கிறதா என்று. பள்ளத்தில் பழைய இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் கையில் எடுக்க வேண்டாம். குவாரிக்கு வைத்து வெடிக்காமல் போன தோட்டா இந்தப் பக்கத்தில் கிடக்க வாய்ப்பு உண்டு, உலகப் போர்க் குண்டைவிட அதுதான் உங்களுக்கு நிஜமான ஆபத்து. தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

பார்த்த பிறகு மூன்று விவரங்களைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்: ஒவ்வொரு பள்ளத்தின் அகலம், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம், எடுத்த மண் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது. ஏழெட்டில் ஒன்று மட்டும் பெரிதாக, வரத்துக்காலோடு இருந்தால் அது பழைய ஊருணி. மற்றவை பிற்பாடு கிராவலுக்காக அதைச் சுற்றித் தோண்டியவையாக இருக்கும்.